பால்கனியில் மூன்று விதமான புள்ளிச் சில்லைகள்: துணையினத்தை எதை வைத்துச் சொல்வது?

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், பின்னால் வந்து படிப்பவர்களுக்கும் வசதியாக இருக்கும். பெங்களூரு ராமமூர்த்தி நகர் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் உங்கள் பால்கனித் தூஜா செடியில் புல்விதை தின்னும் சின்னப் பறவையான புள்ளிச் சில்லை கூடு கட்டியிருக்கிறது. ஒரே வாரத்தில் எடுத்த படங்களில் ஒரு பறவைக்கு மார்பில் செதில் போன்ற கோலம் அழுத்தமாக இருக்கிறது, இன்னொன்றுக்கு மங்கலாக இருக்கிறது, மூன்றாவதற்குச் செதிலே இல்லை. சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் அக்கா மகன் அனுப்பிய படத்தில் அதே பறவை வேறு மாதிரி தெரிகிறது. பார்த்த பறவைகளைப் பதியும் ஈபேர்ட் தளத்தில் பதியப் போனால் பெயருக்குக் கீழே ‘செக்கர்ட்’, ‘ஸ்கேல்ட்’ என்று இரண்டு உட்பிரிவு காட்டுகிறது. என் வீட்டுக்கு எத்தனை துணையினம் (ஒரே இனத்துக்குள் பகுதிவாரியாக வேறுபடும் பிரிவு) வருகிறது, எதைத் தேர்ந்தெடுப்பது, இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் புரிந்தவரை அடிப்படைக் கேள்வி இதுதான்: துணையினம் என்பது பறவையின் உடம்பைப் பார்த்துப் படிக்கக்கூடிய விஷயமா, அல்லது அது இருக்கும் ஊரைப் பார்த்து நாம் ஒட்டும் பெயரா?

நேரடிப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மூன்று பறவைகளும் ஒரே துணையினம்தான். அறிவியல் பெயர் லோன்சுரா பங்க்டுலேட்டா பங்க்டுலேட்டா. இதை நான் படங்களை வைத்துச் சொல்லவில்லை, பெங்களூரு என்ற முகவரியை வைத்துச் சொல்கிறேன். படங்கள் அதற்கு முரணாக எதையும் காட்டவில்லை, அவ்வளவுதான். முகவரியை வைத்துச் சொல்வதும் உடம்பை வைத்துச் சொல்வதும் இரண்டு வேறு காரியங்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பறவைக் குழுக்களில் பாதிச் சண்டை நடக்கிறது.

என்னைப் பற்றி ஒரு வரி. விலங்கியல் படித்துவிட்டு மும்பையில் பதப்படுத்திய பறவைத் தோல்களை அளந்து பதிவு செய்யும் வேலையில் சில வருடம் இருந்தேன், அதன்பிறகு பெங்களூருவில் ஏரி ஏரியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். மரபணு ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து வேலை செய்தவன் கிடையாது. அதனால் இறகு, அலகு, தோல் பற்றிச் சொல்வதைச் சற்று உறுதியாகச் சொல்வேன், மரபணு பற்றிச் சொல்வது படித்துத் தெரிந்துகொண்டது மட்டும்.

முதலில் உங்கள் மூன்று பறவைகள். செதிலே இல்லாதது இளம்பறவை. புள்ளிச் சில்லைக் குஞ்சு கூட்டைவிட்டு வெளியே வரும்போது மேலே சாதாரணப் பழுப்பு, அடியில் மங்கலான மணல் நிறம். புள்ளியோ கோடோ எதுவும் இருக்காது. கருந்தலைச் சில்லையின் குஞ்சும் கிட்டத்தட்ட இதே நிறம்தான். பெற்றோர் பக்கத்தில் இல்லாமல் தனியாகப் பார்த்தால் இந்த இரண்டையும் பிரிப்பது பழகிய கண்ணுக்கே சிரமம். அப்புறம் அது இறகு மாற்றத் தொடங்கும்போதுதான் உண்மையான வேடிக்கை. விலாவில் திட்டாக நாலைந்து செதில், மார்பின் ஒரு பக்கம் மட்டும் இரண்டு வரிசை, தொண்டையில் பாதி செம்பழுப்பு பாதி மணல் நிறம், மேல் அலகு கறுத்து கீழ் அலகு இன்னும் வெளிறி என்று அரைகுறையாக நிற்கும். ‘கலப்பினம் மாதிரி இருக்கிறதே’, ‘புதுத் துணையினமோ’ என்று வாட்ஸ்அப்பில் வரும் படங்களில் பெரும்பாலானவை இந்தப் பருவத்துப் பறவைகள்தான்.

செதில் மங்கலாக இருக்கும் பறவைக்குப் பல காரணம் இருக்கலாம். பெண்ணாக இருக்கலாம். இந்த இனத்தில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் சராசரியாகப் பார்த்தால் ஆணின் தொண்டை சற்று அடர்ந்த நிறம், அடிப்பக்கக் கோடுகளும் சற்று அழுத்தம். சராசரி என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படியுங்கள். தனியாக ஒரு பறவையைக் காட்டி ஆணா பெண்ணா என்று கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன். அது கழுத்தை நீட்டி, பக்கத்தில் இருப்பவருக்கே கேட்குமா என்ற அளவில் முணுமுணுவென்று பாடினால் மட்டும் ஆண் என்பேன். இன்னொரு காரணம், பழைய இறகு. இந்த மார்பு இறகை ஒன்று எடுத்து வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தால் தெரியும்: நடுவில் வெள்ளை, விளிம்பை ஒட்டிக் கரும்பழுப்பில் வளைந்த கோடு. இப்படிப்பட்ட இறகுகள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி அமைவதால்தான் செதில் மாதிரித் தோற்றம் வருகிறது. புல்லிலும் கூட்டிலும் உராய்ந்து விளிம்பு தேய்ந்துபோனால் கோட்டின் அகலமும் அழுத்தமும் மாறிவிடும். வெயிலில் பழுப்பு வெளுக்கவும் செய்யும். கடைசியாக, வெளிச்சம். காலை எட்டு மணி வெயில் முகத்தில் அடிக்கும்போது எடுத்த படத்தையும் மழை மேகத்தில் கேமரா தானாகப் பிரகாசத்தைக் கூட்டிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறத்தை ஒப்பிடுவது வீண் வேலை.

ஆக, வயது, பால், இறகின் தேய்மானம், வெளிச்சம் ஆகிய நான்கையும் கழித்த பிறகும் ஒரு வித்தியாசம் மிஞ்சினால்தான் துணையினத்தைப் பற்றிப் பேசவே ஆரம்பிக்க முடியும். அப்படி மிஞ்சுகிற வித்தியாசமும் ஒரு பறவைக்கும் இன்னொரு பறவைக்கும் இடையில் இருந்தால் போதாது. ஒரு பகுதியில் இனப்பெருக்கம் செய்யும் பறவைகள் மொத்தத்துக்கும் இன்னொரு பகுதியில் இனப்பெருக்கம் செய்யும் பறவைகள் மொத்தத்துக்கும் இடையில் இருக்க வேண்டும். துணையினம் என்ற பெயர் ஒரு கூட்டத்துக்கு உரியது. அதனால்தான் ‘என் பால்கனியில் மூன்று துணையினங்கள் சேர்ந்து இரை தின்கின்றன’ என்பது, வீட்டோடு வாழும் ஒரு பறவையைப் பொறுத்தவரை, வரையறைப்படியே ஒத்துவராத வாக்கியம். ஒரே இடத்தில் ஜோடி சேர்ந்து முட்டையிடும் பறவைகளுக்கு இடையில் துணையின எல்லை போட முடியாது. இரண்டு கூட்டம் ஒரே இடத்தில் இருந்தும் கலக்கவில்லை என்று தெரிந்தால் அவற்றைத் தனித்தனி இனம் என்றே சொல்லிவிடுவார்கள்.

யார் முடிவு செய்கிறார்கள் என்பதற்கு இந்தப் பறவையின் சொந்தக் கதையே போதும். 1743இல் ஜார்ஜ் எட்வர்ட்ஸ் என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் உயிரோடு பார்த்த ஒரு புள்ளிச் சில்லையை வரைந்து தன் பறவை நூலில் சேர்த்தார். கிழக்கிந்தியாவில் இதை ஒரு சோழிக்கு ஒன்று என்று விற்கிறார்கள் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். 1758இல், உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் அந்தப் படத்தை ஆதாரமாகக் காட்டி லாக்சியா பங்க்டுலேட்டா என்று பெயர் வைத்தார். பறவை எந்த ஊரில் பிடிக்கப்பட்டது என்ற துல்லியமான விவரம் கிடையாது. பிற்காலத்து அறிஞர்கள்தான் ஆதார ஊர், அதாவது பெயருக்கு அடிப்படையான பறவை கிடைத்த இடம், கல்கத்தா என்று வரையறுத்தார்கள். 1832இல் தக்காணத்தில் பறவைகளைச் சேகரித்த சைக்ஸ் என்ற ராணுவ அதிகாரி லோன்சுரா என்ற பேரினத்தை உருவாக்கினார், பிற்பாடு நம் பறவை அதற்குள் வந்து சேர்ந்தது. கப்பலேறிப் போன ஒரு கூண்டுப் பறவையில் தொடங்கிய பெயர் இது.

ஆதார ஊர் என்பதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், துணையினம் பிரிக்கும்போது பழைய பெயர் எந்தக் கூட்டத்துக்குப் போகும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். கிழக்கே வேறு மாதிரிப் பறவைகள் இருப்பது தெரிய வந்தபோது கல்கத்தாவைச் சேர்ந்த கூட்டம் பங்க்டுலேட்டா என்ற சொல்லை இரண்டு முறை சொல்லும் பெயரை வைத்துக்கொண்டது, மற்றவை புதுப் பெயர் வாங்கின. ஜாவா, பாலி பக்கத்துப் பறவை 1830இல் டெமிங்க் வைத்த பெயரால் நிசோரியா. தைவானிலிருந்து தாய்லாந்து, வியட்நாம்வரை பரவியது 1863இல் ஸ்வின்ஹோ வைத்த டோபெலா. அசாம், வங்கதேசம், மேற்கு மியான்மர் பறவை 1874இல் காட்வின்-ஆஸ்டன் வைத்த சபண்டுலேட்டா. காரகோரம் சிகரங்களை அளந்த அதே நில அளவை அதிகாரிதான் இவர், கையோடு பறவைகளையும் சேகரித்திருக்கிறார். இதுபோக பிலிப்பைன்ஸுக்கு ஒன்று, சுலவேசிக்கு ஒன்று, சும்பாத் தீவுக்கு ஒன்று, ஜாவாவுக்கு வடக்கே பாவியன் என்ற சின்னத் தீவுக்குக்கூட 1963இல் தனியாக ஒன்று என்று இன்றைக்குப் பதினொன்று வரை கணக்கு வைத்திருக்கிறார்கள். சிலர் பாவியன் பறவையை ஜாவாப் பறவையோடு சேர்த்து எண்ணிக்கையைக் குறைப்பார்கள். இதில் நீதிமன்றத் தீர்ப்பு மாதிரி எதுவும் கிடையாது. ஒருவர் பெயர் வைத்துக் காரணத்தை எழுதி வெளியிடுவார், பின்னால் வருபவர்கள் பதப்படுத்திய தோல்கள் இருக்கும் அதே பெட்டிகளைத் திறந்து பார்த்து ஒப்புக்கொள்வார்கள் அல்லது தள்ளிவிடுவார்கள். உலகப் பறவைப் பட்டியல் தயாரிக்கும் குழுக்கள் அதில் எதை எடுத்துக்கொள்கின்றனவோ அது உங்கள் செயலியில் வந்து நிற்கும்.

பெட்டியைத் திறந்து பார்ப்பது என்றால் எப்படி என்று கொஞ்சம் சொல்கிறேன், எனக்கு நேரடியாகத் தெரிந்த பகுதி இதுதான். இழுப்பறையை இழுத்தால் சில்லைகள் மல்லாந்து வரிசையாகக் கிடக்கும். காலில் நூலால் கட்டிய அட்டையில் ஊர், தேதி, பால், பிடித்தவர் பெயர் இருக்கும். இவற்றிலிருந்து வயது வந்த பறவைகளை மட்டும் பிரித்து, ஆணைத் தனியாகப் பெண்ணைத் தனியாக வைத்து, அதிலும் புது இறகோடு இருப்பதைத் தேய்ந்த இறகோடு கலக்காமல், வடக்கிலிருந்து வரும் சீரான வெளிச்சத்தில் ஊர்வாரியாக அடுக்க வேண்டும். பிறகு வெர்னியர் அளவுகோலை வைத்து இறக்கை, கால், அலகு அளவுகள். இவ்வளவு சின்னப் பறவையில் துணையினங்களுக்கு இடையே எதிர்பார்க்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரோ இரண்டோதான். இறக்கை நுனி தேய்ந்திருந்தால் அதுவும் போச்சு. இரண்டு பேர் ஒரே தோலை அளந்தால்கூட அந்த அளவுக்கு வேறுபடும். இன்னொரு தலைவலி, பழைய தோல்கள். பழுப்பு நிற இறகு பத்திருபது வருடம் பெட்டியில் கிடந்தால் மெல்லச் செந்நிறம் ஏறும். 1890இல் பிடித்த கேரளப் பறவையையும் 1960இல் பிடித்த அசாம் பறவையையும் பக்கத்தில் வைத்துவிட்டு, ‘தெற்கத்தியப் பறவை செந்நிறம் கூடியது’ என்று எழுதினால் நீங்கள் எழுதுவது பெட்டியின் வயதைப் பற்றி.

சரி, எவ்வளவு வித்தியாசம் இருந்தால் பெயர் வைக்கலாம்? இதற்குப் பலரும் எடுத்தாளும் அளவுகோல் ‘எழுபத்தைந்து சதவீத விதி’. 1949இல் டீன் அமடான் என்ற அமெரிக்கப் பறவையியலாளர் இதை விளக்கி எழுதினார். சாரம் இதுதான்: ஒரு கூட்டத்தில் குறைந்தது முக்கால்வாசிப் பறவைகளையாவது மற்றக் கூட்டத்தின் ஏறக்குறைய எல்லாப் பறவைகளிடமிருந்தும் பிரித்துச் சொல்ல முடிய வேண்டும். இதைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். விதியை அழகாகப் பூர்த்தி செய்கிற ஒரு நல்ல துணையினத்தில்கூட கால்வாசிப் பறவைகளை உருவத்தை வைத்துச் சொல்ல முடியாமல் போகலாம், அது அனுமதிக்கப்பட்டது. ஒற்றைப் பறவையின் படத்தை அனுப்பி ‘எந்தத் துணையினம்’ என்று கேட்பவரிடம் பல நேரங்களில் ‘தெரியாது’ என்று பதில் வருவது இதனால்தான். சொல்பவருக்கு அறிவு போதவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த விதியும் எல்லாருக்கும் உடன்பாடு கிடையாது. 1953இல் எட்வர்ட் வில்சன், வில்லியம் பிரவுன் என்ற இரண்டு உயிரியலாளர்கள் துணையினம் என்ற கருத்தையே கடுமையாகத் தாக்கி எழுதினார்கள். இறக்கை நீளம் ஒரு திசையில் மாறும், நிறம் இன்னொரு திசையில் மாறும், நீங்கள் எந்தக் குணத்தைப் பிடித்துக்கொள்கிறீர்களோ அதைப் பொறுத்து எல்லை நகரும் என்பது அவர்கள் வாதத்தில் முக்கியமான ஒன்று. பரந்த நிலப்பரப்பில் இடைவெளியில்லாமல் பரவியிருக்கும் பறவைக்கு இது மிகவும் பொருந்தும். மதுரைப் பேச்சு எங்கே முடிந்து நெல்லைப் பேச்சு எங்கே ஆரம்பிக்கிறது என்று கோவில்பட்டியில் நின்றுகொண்டு கேட்டால் என்ன சொல்வது? இரண்டு முனையிலும் வித்தியாசம் சந்தேகமில்லாமல் இருக்கிறது, நடுவில் கோடு கிழிக்கத்தான் இடமில்லை. புள்ளிச் சில்லையில் அந்த நடுப்பகுதி வங்காளமும் அதற்குக் கிழக்கும். பங்க்டுலேட்டாவின் ஆதார ஊரான கல்கத்தாவிலிருந்து சபண்டுலேட்டா இருக்கும் வங்கதேச எல்லை கூப்பிடு தூரம். அந்தப் பக்கத்திலிருந்து யாராவது படம் அனுப்பித் துணையினம் கேட்டால் நான் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவேன். பெங்களூருவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. தக்காணத்தில் வேறு எந்தத் துணையினமும் இனப்பெருக்கம் செய்வதாக எந்தப் பட்டியலும் சொல்லவில்லை.

இரண்டு முனைகளுக்கு இடையே இருக்கும் வித்தியாசம் என்னவென்று கேட்டால், அதைப் பார்க்கலாம். இந்தியப் பறவையில் செதில் கோடு தடிப்பாக, கறுப்பை நெருங்கும் பழுப்பில் இருக்கும். வெள்ளைக்கும் அதற்கும் இடையே நல்ல வேறுபாடு தெரியும். முகமும் தொண்டையும் ஆழ்ந்த செம்பழுப்பு, வாலின் அடியை மூடும் மேலிறகுகளில் மஞ்சள் சாயல். தென்கிழக்காசியப் பறவைகளில் கோடு மெல்லியதாக, பழுப்பாக இருக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் மார்பு சற்று அழுக்கேறியதுபோலத் தெரியும். தொண்டையும் முகமும் அவ்வளவு பளிச்சென்று இருக்காது. ஈபேர்ட் ‘செக்கர்ட்’ என்றும் ‘ஸ்கேல்ட்’ என்றும் பிரிப்பது இந்தப் பெரிய பிளவைத்தான். பதினொன்றையும் படத்தை வைத்துப் பிரிக்கச் சொல்லவில்லை, கண்ணுக்குத் தெரியக்கூடிய இரண்டு கட்டாக மட்டும் கட்டியிருக்கிறார்கள். புத்திசாலித்தனமான ஏற்பாடு என்பேன்.

உங்கள் அக்கா மகன் அனுப்பிய படம் வித்தியாசமாகத் தெரிந்ததற்கும் இதுதான் விளக்கம். சிங்கப்பூர், தெற்கு மலேயா, சுமத்ராவில் இருப்பது ஃபிரெடென்சிஸ் என்ற துணையினம், ‘ஸ்கேல்ட்’ கட்டைச் சேர்ந்தது. நீங்கள் கண்டது கற்பனை கிடையாது. இருந்தாலும் ஒரு எச்சரிக்கை. துறைமுக நகரங்களில் கூண்டுப் பறவை வியாபாரம் காலங்காலமாக நடப்பது. தப்பித்த பறவைகளால் இந்த இனம் தன் இயற்கையான எல்லைக்கு வெளியே ஆஸ்திரேலியா, ஹவாய், மொரிஷியஸ், பியூர்ட்டோ ரிக்கோ என்று எங்கெங்கோ குடியேறியிருக்கிறது. அந்த மாதிரி இடங்களில் முகவரியை வைத்துத் துணையினம் சொல்லும் முறை அடியோடு உடைந்துபோகும், ஏனென்றால் பறவை அந்த முகவரிக்கு உரியதே இல்லை. சிங்கப்பூரில் அது பூர்வீகப் பறவைதான், ஆனாலும் நகரத்துக்குள் தனியாகத் தெரியும் ஒரு பறவையைப் பற்றி நான் சத்தியம் செய்ய மாட்டேன். பெங்களூருவிலும் கடைகளில் பெங்காலி ஃபின்ச் என்று வெள்ளையும் பழுப்பும் திட்டுத்திட்டாக விற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது வெண்முதுகுச் சில்லையின் உறவில் வளர்ப்புப் பறவையாக மாறியது, அதை விற்கலாம். புள்ளிச் சில்லை உள்ளிட்ட நம் காட்டுச் சில்லைகளைப் பிடிப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். குடியிருப்பில் விநோதமான சில்லை ஒன்று வந்து உட்கார்ந்தால் துணையினத்தை யோசிப்பதற்கு முன் பக்கத்து வீட்டுக் கூண்டை யோசியுங்கள்.

முகவரி முறை உதவாத இன்னொரு சூழ்நிலை நம் வாசலிலேயே இருக்கிறது. குளிர்காலத்தில் நந்தி மலைக்குப் போனால் ரோஸ்ஃபின்ச் என்ற வலசைப் பறவையைப் பார்க்கலாம். சில்லை வேறு குடும்பம், ரோஸ்ஃபின்ச்தான் உண்மையான ஃபின்ச் குடும்பத்தைச் சேர்ந்தது. 1770இல் பல்லாஸ் பெயர் வைத்த கார்போடகஸ் எரித்ரினஸ். ஐரோப்பாவிலிருந்து ஆசியாவின் கிழக்குக் கரைவரை இனப்பெருக்கம் செய்கிறது, ஐந்து துணையினங்கள். இமயமலைப் பக்கம் முட்டையிடுவது ரோசியேட்டஸ், அதில் ஆணின் சிவப்பு ஆழமாக, வயிறுவரை பரவியிருக்கும் என்பார்கள். வடக்கே ரஷ்யா, ஐரோப்பா பக்கத்து எரித்ரினஸில் சிவப்பு தலை, மார்பு, பிட்டத்தோடு பெரும்பாலும் நின்றுவிடும். பகல் வெளிச்சத்தைப் பதிந்து பறவை போன இடத்தைக் கணிக்க உதவும் சின்னக் கருவியைக் கட்டி அனுப்பிய ஐரோப்பியப் பறவைகள் குளிர்காலத்துக்கு இந்தியத் துணைக்கண்டத்துக்கு வந்தது நிரூபணமாகியிருக்கிறது. அதாவது வெவ்வேறு துணையினங்கள் குளிர்காலத்தில் ஒரே நிலப்பரப்புக்கு வருகின்றன. நந்தி மலை என்ற முகவரி அங்கே எதையும் தீர்மானிக்காது, உருவத்தை மட்டுமே நம்ப வேண்டும். உருவமோ ஏமாற்றும். முதல் வருடத்து ஆண் பெண்ணைப் போலவே கோடு போட்ட பழுப்பில் இருக்கும், அந்தக் கோலத்திலேயே பாடவும் ஜோடி சேரவும் செய்யும். வயது வந்த ஆண் குளிர்கால இடத்துக்கு வந்தபிறகுதான் இறகு மாற்றுகிறது. புது இறகின் விளிம்பு சாம்பல் கலந்த பழுப்பு, அது தேயத் தேயத்தான் அடியிலிருக்கும் சிவப்பு வெளியே வரும். நவம்பரில் வெளிறிப்போய்த் தெரிந்த அதே பறவை ஏப்ரலில் சிவந்து நிற்கும். போதாக்குறைக்கு அந்தச் சிவப்பு உணவிலிருந்து வரும் கரோட்டினாய்டு நிறமி, கூண்டில் வைத்துத் தவறான தீனி போட்டால் அடுத்த இறகு மாற்றத்தில் போய்விடும். ‘நல்ல சிவப்பு, ஆகவே ரோசியேட்டஸ்’ என்று நந்தி மலைப் படங்களுக்குக் கீழே எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்கு இதனால்தான் எரிச்சல் வருகிறது. சில்லையின் பழுப்பு மெலனின் நிறமி, தீனியைப் பொறுத்து இப்படி ஆட்டம் போடாது. அந்த வகையில் உங்கள் பறவை நல்ல பறவை.

இவ்வளவு சந்தேகம் இருந்தால் துணையினம் எதற்கு என்று தோன்றலாம். சில இடங்களில் அது நிஜமான ஒன்றைக் காட்டுகிறது. கருந்தொண்டைச் சில்லையை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கை மலைகளில் கெலார்ட்டி, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் ஜெர்டோனி, கிழக்குத் தொடர்ச்சி மலையில் வெர்னாயி. மூன்றும் ஒன்றையொன்று தொடாத தீவுகள்போல ஒதுங்கி வாழ்கின்றன. நடுவில் மெல்ல மாறிக்கொண்டே போகும் பகுதியே இல்லை, அதனால் கோடு கிழிப்பதில் தகராறும் இல்லை. கிழக்குத் தொடர்ச்சி மலையில் அது அழிந்தால் அந்த வடிவம் உலகில் வேறெங்கும் கிடையாது. அதை ‘கருந்தொண்டைச் சில்லை, கேரளாவிலும் இருக்கிறது’ என்று ஒரே பெயரில் போட்டுவிட்டால் இழப்பு கணக்கிலேயே வராது. எதிர்ப்பக்கத்துக்கு உதாரணம் வெண்தொண்டைச் சில்லை. அரேபியா, ஈரானிலிருந்து இலங்கைவரை பரவியும் அதற்குத் துணையினமே இல்லை. அதே வறண்ட வெட்டவெளியில் எங்கும் அதே பறவைதான். பரவல் அகலம் துணையினத்தை உண்டாக்காது, தொடர்பு அறுந்துபோவதுதான் பெரும்பாலும் உண்டாக்குகிறது. புள்ளிச் சில்லையின் பதினொன்றில் பல தீவுகளைச் சேர்ந்தவை என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

மரபணுவைப் பார்த்தால் தீர்ந்துவிடாதா என்று அடுத்து கேட்பீர்கள். இனங்களுக்கு இடையிலான உறவை ஒழுங்குபடுத்த அது நன்றாக உதவியிருக்கிறது, வெண்தொண்டைச் சில்லை லோன்சுராவிலிருந்து யூவோடிசே என்ற பேரினத்துக்குப் போனது ஓர் உதாரணம். துணையின அளவில் வரும்போது இறகில் தெளிவாகத் தெரியும் பிரிவு மரபணுவில் தெரியாமல் போவதும், மரபணுவில் இருக்கும் பிளவுக்கு இறகில் தடயமே இல்லாமல் போவதும் பல பறவைகளில் நடந்திருக்கிறது. நிறத்தை மாற்றச் சில மரபணுக்கள் மாறினாலே போதும், மீதி எல்லாம் கலந்தே இருக்கலாம்.

இனி ஈபேர்டில் என்ன போடுவது. பெங்களூருவில் இருப்பது பங்க்டுலேட்டா என்று முகவரியை வைத்து நானே சொல்லிவிட்டு இப்போது வேறு மாதிரிச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள்: பதிவில் முகவரியை வைத்து உட்பிரிவு போடாதீர்கள். நீங்கள் எங்கே பார்த்தீர்கள் என்பது பதிவில் ஏற்கெனவே இருக்கிறது. அதே தகவலை வைத்து ‘செக்கர்ட்’ என்று தேர்ந்தெடுத்தால் புதிதாக எதுவும் சேரவில்லை. பின்னால் ஒருவர் ‘செக்கர்ட்’ எங்கெல்லாம் இருக்கிறது என்று வரைபடம் போட்டால், எங்கே இருக்கும் என்று நாமெல்லாம் நினைத்தோமோ அந்த வரைபடம்தான் திரும்ப வரும். வடகிழக்கில் எல்லை உண்மையில் எங்கே போகிறது, நகரங்களில் தப்பித்த வெளிநாட்டுப் பறவை கலந்திருக்கிறதா என்பதெல்லாம் அந்த வரைபடத்தில் நிரந்தரமாக மறைந்துபோகும். உடம்பில் பார்த்ததை வைத்து மட்டும் போட்டால்தான் அந்தப் பதிவுக்கு மதிப்பு.

ஆகவே உங்கள் முதல் பறவைக்கு, தடித்த கரும்பழுப்புச் செதிலும் ஆழ்ந்த செம்பழுப்புத் தொண்டையும் படத்தில் தெளிவாக இருப்பதால், ‘செக்கர்ட்’ தாராளமாகப் போடலாம். இரண்டாவது பறவை வாலின் மேலிறகு தெரியும்படி பின்பக்கத்திலிருந்து ஒரு படம் கிடைக்கும்வரை வெறும் புள்ளிச் சில்லையாக இருக்கட்டும். அது முதல் பறவையோடு சேர்ந்து கூட்டுக்குப் புல் கொண்டுவருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே ஜோடியாகத்தான் இருக்கும், ஆனாலும் பார்த்ததை மட்டும் பதியுங்கள். மூன்றாவது இளம்பறவை, அதை எண்ணிக்கையில் சேர்த்துக் குறிப்பில் ‘இளம்பறவை, செதில் இல்லை’ என்று எழுதுங்கள், தேதியோடு இருந்தால் பெங்களூருவில் இவை எந்த மாதத்தில் இறகு மாற்றுகின்றன என்று தேடுபவருக்கு உபயோகப்படும். சிங்கப்பூர்ப் படத்தை எடுத்தவரே தன் கணக்கில் பதியட்டும். படம் எடுக்கும்போது இரண்டு விஷயம்: வெயில் நேராக அடிக்காத நேரத்தில் எடுங்கள், நிறத்தைக் கூட்டும் வடிகட்டி எதையும் போடாதீர்கள். கூட்டில் குஞ்சு இருக்கும்வரை பால்கனிக் கதவுக்கு உள்ளே நின்றே எடுப்பது நல்லது. அடிக்கடி கிட்டப்போனால் இவை கூட்டையே விட்டுவிட்டுப் போய்விடக்கூடும்.